பதிவு வீடியோவா, ரியூசன் வாங்கா?

கோண்டாவில் அம்மா:
மகள் உயர்தரம், கணிதப் பிரிவு. இணைந்த கணிதத்துக்குக் கொழும்பில் ஒரு சேர் பதிவு செய்த வீடியோ தருகிறாராம். காசு இங்கத்தை வகுப்பில் பாதிதான். "இனி ரியூசனுக்குப் போகமாட்டேன், வீட்டிலே இருந்து படிக்கிறேன்" என்கிறாள். விடலாமா?

வெண்கட்டி:
விடாதீர்கள் அம்மா. 30 வருடம் படிப்பித்தவன் சொல்கிறேன். சாய்தளத்தில் ஒரு பொருளை மேலே தள்ளும் கணக்கு கொடுத்தால், வகுப்பில் பாதிப் பேர் உராய்வு விசையையும் மேல்நோக்கிப் போட்டிருப்பார்கள். பொருள் மேலே போனால் உராய்வு கீழ்நோக்கித்தான் இருக்கும். போன கிழமை செய்த கணக்கில் பொருள் கீழே வழுக்கியது, அந்தப் பழக்கம். வாங்குகளுக்கு இடையில் நடக்கும்போதே கண்ணில் படும். அம்புக்குறிக்குப் பக்கத்தில் பேனையை வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை தானே அழித்துவிடும். வீடியோவில் இருப்பவர் யாருடைய கொப்பியைப் பார்ப்பார்? ஆசிரியர் பக்கத்தில் இருந்து படிப்பித்தால் சராசரி மாணவன்கூட வகுப்பின் முன்வரிசைக்கு வந்துவிடுவான் என்று பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1984இலேயே எழுதிவிட்டார்.

கடைசி வாங்கு:
ஐயா, புளூம் எழுதியது ஒரு ஆசிரியர், ஒரு மாணவன் என்ற கணக்கு. அதுவும் ஒரு பாடம் சரியாகப் பிடிபடும்வரை அடுத்ததற்குப் போகவிடாத முறை. நான் படித்த ரியூட்டரியில் தகரக் கொட்டகைக்குள் 300 பேர். சேர் மைக்கில் கதைப்பார், மழை பெய்தால் அதுவும் கேட்காது. நீங்கள் நடந்தீர்கள், சரி. அங்கே நடக்க இடமே இல்லை. இரண்டு வருடத்தில் "சேர், விளங்கவில்லை" என்று ஒரு தடவைகூட எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் தடவை சோதனை எடுத்தபோதுதான் வீடியோவுக்கு மாறினேன். எளிமை இசை இயக்கம் என்ற பாடத்தை நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், யாரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவில்லை.

தீவான்:
நெடுந்தீவில் இருந்து எழுதுகிறேன். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஒரு மணித்தியாலம், பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். காற்று மாறினால் படகும் இல்லை. இங்கே வீடியோவா வகுப்பா என்ற கேள்வியே இல்லை, வீடியோவா ஒன்றுமில்லையா என்பதுதான் கேள்வி. 2022இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த நாளில் சூம் வகுப்பெல்லாம் படுத்துவிட்டது. போனில் இறக்கி வைத்திருந்த பதிவுகள்தான் தம்பிக்குக் கைகொடுத்தன.

வெண்கட்டி:
தீவுப் பிள்ளைகளின் நிலைமை வேறு தம்பி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாலு தடவை பார்த்தேன் என்கிறாரே, அங்கேதான் எனக்குப் பயம். ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்து 2006இல் வெளியிட்டார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, வாசித்ததை நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வீடியோவிலும் அப்படித்தான். சேர் போட்டால் எல்லாக் கணக்கும் சுகமாகத்தான் தெரியும்.

கடைசி வாங்கு:
அது வீடியோவின் பிழை இல்லையே. கரும்பலகையைப் பார்த்துக் கொப்பி பண்ணுகிறவனுக்கும் அதே கதைதான். நான் கணக்கை முதலில் நானே செய்து, முட்டிக்கொண்ட பிறகுதான் வீடியோவை ஓடவிட்டேன்.

வெண்கட்டி:
எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்? 17 வயதுப் பிள்ளை, கையில் போன்!

கோண்டாவில் அம்மா:
அண்ணைமார் சண்டை பிடிக்க வேண்டாம். இப்போது போய்க் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். வீடியோவில் படித்ததாம், நாலு பக்கம் வடிவான கையெழுத்து. எனக்குக் கணக்கு விளங்காது. கடைசிக் கணக்கைப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன்.

வெண்கட்டி:
பார்த்தேன் அம்மா. மூன்றாவது வரியில் பொருள் மேலே போகிறது, உராய்வும் மேலே போகிறது. விடையைச் சொல்லிவிடாதீர்கள். "பொருள் எந்தப் பக்கம் வழுக்கப் பார்க்கிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

கோண்டாவில் அம்மா:
கேட்டேன். முதலில் முறைத்தாள். பிறகு றப்பரைத் தேடுகிறாள்.

கடைசி வாங்கு:
ஐயா, இப்போது நீங்கள் செய்தது நேரடி வகுப்பா, மற்றதா?