புதுப்பிப்பு: அண்ணனின் கை நடுக்கத்துக்குக் காரணம் கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: அண்ணனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம். காபி ஆற்றினால் பாதி தரையில் போகும் அளவுக்குக் கை நடுக்கம். கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கழிவு) 1.2-இலிருந்து 1.7-க்கு ஏறியிருந்தது. உடம்பு நிராகரிக்கிறதோ என்று பயந்துதான் கேட்டிருந்தேன்.

தண்ணீர் போதவில்லை என்றார்கள் பலர்; அது இல்லை. 'டாக்ரோலிமஸ் அளவைப் பாருங்கள், காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுங்கள்' என்றாரே ஒருவர், அவர் சொன்னதுதான் சரி. டாக்ரோலிமஸ் என்பது புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க அண்ணன் போடும் மாத்திரை; ரத்தத்தில் அது கூடினால் கையும் நடுங்கும், கிரியேட்டினினும் ஏறும். முதல் தடவை நாங்கள் மாத்திரை போட்டுவிட்டுப் போயிருந்தோம். அந்த ரிப்போர்ட் வீண். இரவு மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்ததில் 17. டாக்டர் அண்ணனுக்கு வைத்த இலக்கு 8 முதல் 10.

மாத்திரை மாறவே இல்லை, அப்புறம் ஏன் கூடியது? டாக்டர் சாப்பாட்டைத் துருவித் துருவிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது: பம்பளிமாஸ். பெங்களூரு அல்சூர் சந்தையில் சக்கோத்தா என்று விற்பார்கள். அம்மா தினம் நாலு சுளை, தோல் நீக்கி, கிண்ணத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார். டிஸ்சார்ஜ் தாளில் 'கிரேப்ஃப்ரூட் கூடாது' என்றுதான் இருந்தது. அதை யார் வாங்கினோம் என்று விட்டுவிட்டோம். இரண்டும் நெருங்கிய சொந்தமாம். குடலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியை இதுவும் முடக்கும்.

பழம் நின்றது, டாக்டர் சில நாள் மாத்திரையைக் குறைத்தார். இரண்டு வாரத்தில் அளவு 9, கிரியேட்டினின் 1.3. எதிர்பாராதது, நடுக்கம் முழுசாகப் போகவில்லை. சட்டைப் பொத்தான் போடும்போது லேசாகத் தெரிகிறது. அம்மாதான் இன்னும் புலம்புகிறார். சிறுநீரகம் கொடுத்தவரும் அவரேதான்.