பொங்கல் வாழ்த்து அட்டை: ஸ்டாம்ப் எழுத்துல புள்ளி அடைபடுது, டை நடுவுல வெட்டவே மாட்டேங்குது

மஞ்சள்கொத்து (தஞ்சாவூர்):

எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. கையில நாலு அட்டைகூட உருப்படியா இல்லை. தெரிஞ்சவங்க சொல்லிக்கொடுங்க.

எங்க அப்பா எண்பதுகள்ல வருஷம் தவறாம பொங்கல் வாழ்த்து அனுப்புவார். மார்கழி பொறந்ததும் கடைவாசல்ல கயிறு கட்டித் தொங்கவிடுவாங்களே, கரும்பு, பானை, ஜோடி மாடு, நடிகர் படம் போட்ட அட்டைங்க, அதுல ஒவ்வொருத்தருக்கும் எது பொருத்தம்னு பார்த்துப் பார்த்து எடுப்பார். அந்த முகவரி நோட்டு இன்னும் பத்திரமா இருக்கு. அதுல இன்னிக்கும் உயிரோட இருக்கறவங்க 36 பேர். அவங்க எல்லாருக்கும் இந்த வருஷம் நானே கையால செஞ்சு அனுப்பறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்.

செய்யற முறை இதுதான். ஏ4 அளவு ஐவரி போர்டு (300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), அதைக் குறுக்கே ரெண்டா வெட்டி மடிச்சா ஒரு அட்டை. மேல டிசைன் பேப்பர். அதுக்கு மேல 9 செ.மீ. சிக்குக்கோலம்; டையை (கூர் விளிம்பு உள்ள வெட்டச்சு) தாள் மேல வெச்சு, பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவுல, கையால சுத்தற உருளை மெஷின்ல ஓட்டி வெட்டறது. கோலத்துக்குப் புதுச்சேரியில வாங்கின பூவிதழ் போட்ட கைத்தாள். கீழே "இனிய பொங்கல் வாழ்த்துக்கள்"னு ரப்பர் ஸ்டாம்ப். தமிழ்ல ரெடிமேட் ஸ்டாம்ப் கிடைக்காததால ஸ்டாம்ப் கடையில கொடுத்து செஞ்சு வாங்கினேன்.

பிரச்சினை:

1. எழுத்து அடைபடுது. ங் மேல இருக்கற புள்ளி எழுத்தோட ஒட்டிக்குது. ழ-வோட வால் ஒரே மைத்திட்டு.

2. டை ஓரத்துல நல்லா வெட்டுது, நடுவுல வெட்டலை. பிய்ச்செடுத்தா கோலத்தோட இழை பஞ்சு பஞ்சா கிழியுது. ரெண்டு தடவை, மூணு தடவை ஓட்டியும் அப்படியேதான்.

3. தங்கக் கலர் எம்பாசிங் பவுடர் (ஈர மையில ஒட்டி, சூடு காட்டினா உருகி மேடா நிக்கற தூள்) போட்டா எழுத்துல மட்டும் நிக்காம அட்டை முழுக்க ஒட்டுது. சூடு காட்டினதும் சுத்தி எல்லாம் தங்கப்புள்ளி.

4. டிசைன் பேப்பர் ஒட்டினதும் அலை அலையா நெளியுது.

வேலை முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு மேலதான் உட்கார முடியுது. மெஷின் பழசுன்னு மாத்தணுமா? வீட்டுல அதுக்குக் காசு கேக்க மனசு வரலை.

கத்தரிப்பூ (கோயம்புத்தூர்):

மெஷினை மாத்தாதீங்க மஞ்சள்கொத்து. முதல்ல ஒரு சோதனை. அதே டையை, அதே பிளாஸ்டிக் தட்டுல, சாதாரண ஜெராக்ஸ் பேப்பர்ல ஓட்டிப் பாருங்க. அது முழுசா வெட்டினா மெஷின் மேல பெரிய தப்பில்லை. அதுலயும் நடு விட்டுப்போச்சுன்னா தட்டைப் பார்க்கணும்.

கூடவே ரெண்டு கேள்வி. டையோட கூர் விளிம்பு, அதாவது மேடா தூக்கி நிக்கற பக்கம், தாளைப் பார்த்துதானே இருக்கு? தட்டை ஒரே பக்கமா போட்டு ஓட்டறீங்களா, திருப்பித் திருப்பியா?

மஞ்சள்கொத்து:

கூர் பக்கம் தாள் மேலதான் இருக்கு அக்கா. தட்டு எப்பவும் ஒரே பக்கம்தான். இப்போ மேசையில வெச்சுப் பார்த்தா படகு மாதிரி வளைஞ்சிருக்கு! ஜெராக்ஸ் பேப்பர்லயும் நடுவுல மூணு இடத்துல விட்டுப்போச்சு. ஆனா வெட்டின இடமெல்லாம் சுத்தமா இருக்கு, பஞ்சு வரலை.

கத்தரிப்பூ:

அப்போ உங்களுக்கு ரெண்டு தனித்தனிக் கோளாறு, ஒண்ணா கலந்து தெரியுது. நடு விடறது தட்டால. பஞ்சா கிழியறது தாளால.

தட்டு: ஒவ்வொரு தடவையும் புரட்டிப் போடுங்க, வளைவு தானா எதிர்ப்பக்கம் இழுத்துக்கும். டையை நட்டநடுவுல வைக்காம ஒரு ஓரமா, கொஞ்சம் சாய்ச்சு வைங்க. நேரா வெச்சா கோலத்தோட ஒரு பக்கக் கோடு முழுசும் ஒரே நேரத்துல உருளைக்கு அடியில போகும், அழுத்தம் பிரிஞ்சுபோகும். சாய்ச்சா புள்ளி புள்ளியா உள்ளே போகும். நகராம இருக்க மாஸ்கிங் டேப் ஒரு துண்டு போதும்.

தாள்: கைத்தாள் பருத்திக் கூழ்ல செய்யறது. மில் காகிதத்தைவிட இழை நீளம், ஒரு இடத்துல தடிப்பு, ஒரு இடத்துல மெலிசு, போதாததுக்குப் பூவிதழ் வேற. சிக்குக்கோலத்தோட 2 மி.மீ. கோட்டுக்கு அது தாங்காது. நல்ல தாள், அதுக்கு வேற வேலை கொடுங்க. கோலத்தை வழவழப்பான 200–220 ஜிஎஸ்எம் அட்டையில வெட்டுங்க. கைத்தாளைக் கோலத்துக்குப் பின்னால அடித்தாளா வைங்க. கத்தரி வேண்டாம். ஒரு பிரஷ்ஷைத் தண்ணில தொட்டு ஸ்கேல் ஓரமா ஒரு கோடு இழுங்க, அரை நிமிஷம் ஊறினதும் மெதுவா ரெண்டு பக்கமும் இழுத்துக் கிழிங்க. விளிம்புல மெல்லிசா மயிர் மாதிரி இழை நீட்டிக்கிட்டு நிக்கும். வெட்டி வெச்ச விளிம்பைவிட அதுதான் அழகு, எனக்கு எப்பவும் அதுதான் பிடிக்கும்.

அச்சுக்கோப்பு (மதுரை):

வணக்கம்மா. நான் 22 வருஷம் லெட்டர்பிரஸ்ல (எழுத்தச்சு கோத்து அடிக்கற அச்சகம்) இருந்தவன். முதல் கேள்விக்கு நான் சொல்றேன்.

ஸ்டாம்பை எடுத்து மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. ரப்பர்ல புள்ளி தனியா நிக்குதா? எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவுல பள்ளம் தெரியுதா? பள்ளமே இல்லைன்னா செஞ்சதுலயே தப்பு. பள்ளம் இருந்து மை ரொம்பியிருந்தா உங்க கையிலயே சரி பண்ணலாம். எழுத்து எத்தனை மில்லிமீட்டர் உயரம்? எந்த மை? அடியில என்ன வெச்சு அடிக்கறீங்க?

மஞ்சள்கொத்து:

ஐயா, பள்ளம் இருக்கு, காய்ஞ்ச மை அடைச்சிருக்கு. எழுத்து 4 மி.மீ. மை, ஆபீஸ்ல வைக்கற ஸ்டாம்ப் பேடுதான், கறுப்பு. சீக்கிரம் காய்ஞ்சுடக் கூடாதுன்னு பேடுல மையை நிறைய ஊத்தி வெச்சிருக்கேன். அடியில பழைய மவுஸ் பேட். மெத்துன்னு இருந்தா நல்லா பதியும்னு எங்கயோ பார்த்தேன்.

அச்சுக்கோப்பு:

மூணுமே எழுத்துக்கு எதிரி.

மெத்தை நல்லது, ஆனா பெரிய பூ, இலைன்னு அகலமா மை பூசற ஸ்டாம்புக்கு. பொடி எழுத்துக்கு மெத்தை போட்டா தாள் எழும்பி ரப்பரோட பள்ளத்துக்குள்ள போய் மையைத் தொடும். புள்ளி அடைபடறது அங்கதான். கெட்டியான மேசை, மேல செய்தித்தாள் ரெண்டு தாள், அவ்வளவுதான்.

ஊறிப்போன பேடுல ஸ்டாம்பை அமுக்கக்கூடாது. ஸ்டாம்பை மல்லாக்க வெச்சு, பேடைக் கையில எடுத்து, மேல லேசாத் தட்டுங்க, பூனை நடக்கற மாதிரி. எழுத்தோட தலை மட்டும் பளபளன்னு நனைஞ்சாப் போதும். பள்ளத்துல மினுக்கம் தெரிஞ்சா மை அதிகம். முதல் அச்சைக் கழிவுத்தாள்ல போட்டுட்டு ரெண்டாவதை அட்டையில போடுங்க.

இப்போ இருக்கற அடைப்புக்கு பழைய டூத் பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணி. ஊசியால நோண்டவேண்டாம், புள்ளியே பிஞ்சு வந்துடும்.

ஆனா 4 மி.மீ.ங்கறது தமிழுக்குப் பத்தாது. ஆங்கிலத்துல அந்த அளவு ஓடும். நம்ம ழ, ங, ஞ எல்லாம் உள்ளுக்குள்ள சுழியும் மடிப்பும் உள்ளது. காசு அதிகம் ஆகாது, 6 மி.மீ. உயரத்துல மெல்லிய எழுத்துரு கொடுத்து இன்னொண்ணு செஞ்சுக்குங்க. புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவுல குண்டூசி முனை போற இடைவெளி இருக்கான்னு ப்ரூஃப்ல பார்த்துட்டு ஓகே சொல்லுங்க.

செய்யறதோட "வாழ்த்துகள்"னே போட்டுடுங்கம்மா. க் வேண்டியதில்லை. வாழ்த்து, வாழ்த்துகள். 36 வீட்டுக்குப் போகப்போற எழுத்து, சரியா போகட்டும். ஆறு புள்ளி அஞ்சாவும் குறையும்.

கத்தரிப்பூ சொன்ன டை விஷயத்துக்கும் ஒண்ணு சேர்க்கறேன். பிரஸ்ல எங்க அச்சு மங்கலா விழுதோ அங்க அடியில மெல்லிய தாளை ஒட்டி மட்டம் பண்ணுவோம், அதுக்கு மேக்ரெடின்னு பேர். உங்க மெஷினுக்கும் அதேதான். வெட்டற தாள் மேல ஒரு கார்பன் பேப்பரை மைப்பக்கம் கீழே வெச்சு, அதுக்கு மேல டை வெச்சு ஒரு தடவை ஓட்டுங்க. கோடு கறுப்பா விழுந்த இடம் அழுத்தம் சரி, வெளுத்த இடம் குறைச்சல். வெளுத்த இடத்தோட வடிவத்துக்கு ஜெராக்ஸ் பேப்பரைக் கிழிச்சு (வெட்டாம கிழிச்சா ஓரம் படிப்படியா மெலியும்) கீழ்த்தட்டுக்கு அடியில ஒட்டுங்க. ஒரு தாள். போதலைன்னா இன்னொரு தாள். கைப்பிடியைப் பலம் போட்டுச் சுத்தற நிலை வந்தா நிறுத்திடுங்க, பல்சக்கரம் போயிடும்.

நூல்கண்டு (டொராண்டோ):

தங்கச்சி, பவுடர் ஒட்டிற விசயம் நான் சொல்லுறன். இஞ்ச குளிர்காலத்தில ஹீட்டர் போட்டு வீடு காய்ஞ்சுபோகும். தாளில மின் ஏறி பவுடர் பறந்து வந்து ஒட்டும். உங்கட பக்கம் அதுக்கு நேர்மாறு. மார்கழிப் பனியில தாள் ஈரத்தைக் குடிச்சிருக்கும், அந்த ஈரத்தில ஒட்டுது. ரெண்டுக்கும் மருந்து ஒண்டுதான். பழைய வேட்டித்துணியில ரெண்டு கரண்டி டால்கம் பவுடரை முடிச்சுக் கட்டி, ஸ்டாம்ப் அடிக்க முதல் அட்டை முழுக்க மெதுவா ஒத்துங்கோ. பிறகு அடியுங்கோ, எம்பாசிங் பவுடரைக் கொட்டுங்கோ, அட்டையைச் சரிச்சு, பின்பக்கம் விரலால சுண்டிவிடுங்கோ. அப்பிடியும் நிக்கிற துளியைக் காய்ஞ்ச சின்ன பிரஷ்ஷால எடுங்கோ. சூடு காட்டினாப் பிறகு ஒண்டும் செய்ய ஏலாது.

உங்கட விசயத்தில டால்கத்துக்கு முன்னால அட்டையை ஹீட் கன்னால (சூட்டுக்காத்து ஊதிற கருவி) பத்துச் செக்கன் தூர வச்சு ஒருக்கா காயவிடுங்கோ. மை ஆபீஸ் மை வேண்டாம். எம்பாசிங்குக்கெண்டு கெட்டியா, மெதுவாக் காயிற நிறமில்லாத மை இருக்கு, அதைப் பாவியுங்கோ. ஹீட் கன்னை ஒரே இடத்தில பிடிச்சுக்கொண்டு நிக்கக்கூடாது. மணல் மாதிரிக் கிடக்கிற பவுடர் திடீரெண்டு நெய் உருகின மாதிரி மினுங்கும், அந்த நொடியிலயே அடுத்த எழுத்துக்குப் போயிடோணும். கூடக் காட்டினா தாளுக்குள்ள இறங்கி மங்கிப்போகும்.

கத்தரிப்பூ:

ஈரம்னு சொன்னது சரியான இடம். மஞ்சள்கொத்து, ராத்திரி பத்து மணிக்கு மேல ஜன்னல் திறந்துதானே இருக்கும்? டிசம்பர் மாசத்துத் தஞ்சாவூர்க் காத்துல அட்டை பதத்துப்போன அப்பளம் மாதிரி ஆயிடும். கூர் விளிம்பு அதை வெட்டாம அமுக்கும். மை பரவறதும் கொஞ்சம் அதனாலதான்.

அட்டையையும் டிசைன் பேப்பரையும் பெரிய ஜிப் கவர்ல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட போட்டு வைங்க. புதுச் செருப்பு, பை வாங்கும்போது வருமே, அது. வெட்டறதுக்கு முன்னால ஆவி இல்லாம, குறைஞ்ச சூட்டுல, மேல ஒரு துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால ஒரு தேய்ப்பு. முடிஞ்சா ஞாயித்துக்கிழமை பகல்ல உட்காருங்க.

நெளியறதுக்கு வெள்ளைப் பசைதான் காரணம், தண்ணி இருக்கு அதுல. முழுசும் பூசாதீங்க. நாலு ஓரமும் குறுக்கேயும் டபுள் சைடு டேப். கோலம் ஒட்ட மட்டும் ஊசிமுனையில பசை எடுத்து அங்கங்க ஒரு பொட்டு வைங்க.

கோலம் டையில சிக்கிக்கிட்டா டைக்கும் தாளுக்கும் நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு ஓட்டுங்க, உதிர்ந்து வரும். டை முதுகுல சின்னச் சின்ன ஓட்டை இருக்குமே, அது ஊசி விட்டுத் தள்ளறதுக்குத்தான்.

மஞ்சள்கொத்து:

மூணு நாள் கழிச்சு எழுதறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு உட்கார்ந்தேன்.

கார்பன் பேப்பர்ல பார்த்தா நடுவுல மாங்காய் வடிவத்துக்கு வெளுத்துப்போயிருந்தது. அதே வடிவத்துக்கு ஒரு தாள் கிழிச்சு ஒட்டினேன். பத்தலை. ரெண்டாவது தாள் வெச்சதும் கோலம் மொத்தமும் ஒரே துண்டா வந்துது, ஒரு இழைகூட அறுபடாம. கையில தூக்கிப் பிடிச்சு வெளிச்சத்துல பார்த்துக்கிட்டே இருந்தேன். கைத்தாளை நனைச்சுக் கிழிச்சு அடியில வெச்சேன், அந்த மஞ்சள் இதழ் கோலத்துக்கு நடுவுல தெரியுது. இது நான் நினைக்காத அழகு.

பழைய ஸ்டாம்பைக் கழுவி, மவுஸ் பேடை எடுத்துட்டு அடிச்சேன். ங் புள்ளி பிரிஞ்சு விழுது! ழ் இன்னும் கொஞ்சம் மங்கல்தான். 6 மி.மீ.க்கு ஆர்டர் கொடுத்தாச்சு, "வாழ்த்துகள்"னே. சனிக்கிழமை கிடைக்கும். தங்க எழுத்து அதுல போட்டுக்கறேன், டால்கம் முடிச்சு கட்டி வெச்சிருக்கேன் அக்கா.

ஒரு சந்தேகம் மட்டும். தபாலுக்கு எடை தாண்டுமா?

அச்சுக்கோப்பு:

சாதா கடிதத்துக்கு 20 கிராம் வரைக்கும் ஒரு கட்டணம், அதுக்கு மேல ஏறும். உங்க கணக்கு இது: 300 ஜிஎஸ்எம்ல அரை ஏ4 ஒன்பதரை கிராமுக்குள்ள. டிசைன் பேப்பர் 2, கைத்தாள் 2, கோலம் 1, கவர் 4. மொத்தம் பதினெட்டரை. ஒட்டற டேப்போட பத்தொன்பதைத் தொடும். கோலத்தைத் தூக்கிக் காட்ட ஃபோம் டேப் போடற எண்ணம் இருந்தா விட்டுடுங்க, முத்திரை குத்தற இடத்துல நசுங்கிடும். மூடின கவர் ஒண்ணை நகைக்கடைத் தராசுல வெச்சுப் பார்த்துட்டு மத்ததைச் செய்யுங்க.

மஞ்சள்கொத்து:

தெருமுனை நகைக்கடையில போட்டுப் பார்த்தேன் ஐயா, 18.9. தட்டைப் புரட்டிப் போட்டுப் போட்டு இன்னிக்கு மட்டும் 14 கோலம் வெட்டியாச்சு. முகவரியை அப்பாவே தன் கையால எழுதறேன்னு பேனாவுக்கு ரீஃபில் வாங்கிட்டு வரச் சொன்னார்.