பத்து நிமிஷத்தில் ஒரு முகம்: சந்தையில் ஆட்களை உட்காரவைத்து வரைவது சரியா?

ஈரத்தூரிகை
சனிக்கிழமை காலையில் நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, மடியில் பலகையும் வாட்டர்கலர் டப்பாவுமாக ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருந்தால், அது நான்தான். ஒரு முகத்துக்குப் பத்து நிமிஷம், மிஞ்சினால் பன்னிரண்டு. காய் விற்கிற பாட்டா, மீன் விற்கிற அக்கா, மூட்டை இறக்குகிற அண்ணன் என்று யார் சம்மதிக்கிறார்களோ அவர்களை வரைவேன். முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு தாளை அவர்களிடமே கொடுத்துவிடுவேன். இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

போன வாரம் மூன்று படங்களை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "அடுத்தவன் கஷ்டத்தைக் காட்டி லைக் வாங்குகிற வேலை" என்று ஒருவர் எழுதினார். அங்கே சண்டை போட மனசில்லை, இங்கே கேட்கிறேன். போட்டோ எடுப்பவன் ஒரு நொடியில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். நானோ பத்து நிமிஷம் அவர்கள் கண்முன்னால் திணறுகிறேன். நான் அவர்களைப் பார்க்கிற அளவுக்கு அவர்களும் என்னைப் பார்க்கிறார்கள், "மூக்கு கோணுது தம்பி" என்று திருத்துகிறார்கள். இதில் என்ன தப்பு?

கடவம்
அதை எழுதியது நானில்லை. ஆனால் எழுதியவர் கட்சிதான் நான்.

மீன் விற்பவர்களுக்குக் காலை இரண்டு மணி நேரம்தான் வியாபாரம். அப்போது நீங்கள் வரைய ஆரம்பித்தால் சுற்றிப் பத்து பேர் நிற்பார்கள். வேடிக்கை பார்ப்பவன் மீன் வாங்கமாட்டான், வாங்க வருபவனுக்கு வழியும் விடமாட்டான். அப்புறம் அந்தச் சம்மதம். அத்தனை பேர் பார்க்க "அக்கா, வரையட்டுமா?" என்று கேட்டால் எந்த அக்கா வேண்டாம் என்பார்?

எனக்கு உறுத்துவது இன்னொன்று. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19இன் தொடக்கத்திலும் தஞ்சாவூர் ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காக ஆல்பம் ஆல்பமாக வரைந்தார்கள். கம்பெனி ஓவியம் என்பார்கள். தொழிலுக்கு ஒரு ஜோடி. புருஷன் கையில் கருவி, பெண்டாட்டி கையில் கூடையோ குடமோ, கூடவே சாதிப் பெயர் அல்லது தொழில் பெயர். அந்த ஆளுக்கு என்று ஒரு பெயர் இருந்திருக்கும், வாங்குகிற துரைக்கு அது தேவைப்படவில்லை. நீங்கள் போட்ட மூன்று படத்துக்கும் என்ன தலைப்பு வைத்தீர்கள்? மீன்காரி, சுமைக்காரர், பூக்காரி. வங்கி மேனேஜர் 'சாதாரண மக்கள்' கணக்கில் வரமாட்டாரா?

ஒட்டுப்பால்
மேனேஜர் பத்து நிமிஷம் அசையாமல் இருக்கமாட்டார் அண்ணே, அதுதான் காரணம்.

குலசேகரத்தில் ஒரு டீக்கடையில் வைத்து என்னையும் ஒருவர் இப்படி வரைந்தார். ரப்பர் பால்வெட்டு முடித்து நேராக வந்திருந்தேன், தலையில் கட்டிய லைட்டைக் கழற்ற மறந்துவிட்டேன். அதையும் சேர்த்தே வரைந்துவிட்டார். வீட்டில் மாட்டியிருக்கிறேன். அப்பாவுக்கு நெற்றிக்கண் இருக்கிறது என்று பையன் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருக்கிறான். எனக்கு ஒரு குறையும் இல்லை.

சூறைக்காற்று
நான் சரி, தப்பு பேச வரவில்லை. படமே தேறாது என்கிறேன். பத்து நிமிஷத்தில் வருவது முகம் இல்லை, முகத்தின் அவசரம். எதிரே ஆள் இருக்கவேண்டும் என்பதே ஒரு மூடநம்பிக்கை. 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி ஓவியர் ஆதிமூலம் கோடுகளால் காந்தியை வரைந்து தள்ளினார். காந்தி போகும்போது அவர் சின்னப் பையன். எதிரே உட்காரவைத்தா வரைந்தார்? அந்தக் காந்திக்கு உயிர் இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம். நல்ல போட்டோ ஒன்று எடுத்து, வீட்டில் நாலு நாள் வேலை செய்யுங்கள். மீன்காரிக்கும் நேரம் மிச்சம்.

ஈரத்தூரிகை
ஆதிமூலம் செய்தது மையும் கோடும். நிறத்துக்கு வந்தால் போட்டோ கைவிட்டுவிடும்.

நம் ஊர் கறுப்பை போன் கேமரா ஒன்று வெளுக்கிறது, இல்லையென்றால் கரியாக்குகிறது. கடையில் சில பெட்டிகளில் ஸ்கின் என்று ஒரு டியூப் வரும், பன்றிக்குட்டி நிறம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் அல்ட்ராமரைன் நீலத்தைக் கலந்துதான் ஆரம்பிப்பேன். மீன் விற்கிற இடத்தில் மேலே நீலத் தார்ப்பாய். பத்து மணி வெயில் அதன் வழியாக இறங்கும்போது நெற்றியிலும் கன்ன எலும்பிலும் நீலம் மினுங்கும். அந்த மினுக்கத்துக்குத் தாளின் வெள்ளையை விட்டால் மாவு பூசியது போல ஆகிவிடும். வெளிர்நீலத்தை மெல்லிசாக ஓட்டவேண்டும். இதை எதிரே உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். போட்டோவில் அந்த இடம் வெறும் வெள்ளைப் புள்ளி.

காற்றும் சேர்ந்துதான் வரைகிறது. ஜூன், ஜூலைச் சாரலில் குளச்சல் பக்கம் போனால் முதல் பூச்சு காயவே காயாது. அவசரப்பட்டு மேலே கண்ணை வைத்தால் கன்னம் வரை வழியும். முட்டத்தில் ஒருமுறை அலைத் தூறல் ஈரப் பூச்சில் விழுந்து, உப்பு பட்ட இடமெல்லாம் நிறம் விலகி நட்சத்திரம் நட்சத்திரமாக ஆகிவிட்டது. உட்கார்ந்திருந்த பாட்டா பார்த்துவிட்டு, "அம்மை போட்ட மாதிரி இருக்கு, பரவாயில்லை" என்று வாங்கிக்கொண்டார்.

கடவத்துக்கு: திருவிதாங்கூர் காலத்தில் ரவிவர்மாவின் எதிரே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் மகாராஜாவும் திவானும் துரையும். சந்தைக்காரர் உட்கார இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது. அதையும் வேண்டாம் என்கிறீர்களே.

கடவம்
திவான் உருவத்துக்குக் கீழே திவானின் பெயர் இருந்தது. நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சூறைக்காற்று
பெயர் விஷயத்தில் கடவம் சொல்வது சரி. 1943 வங்கப் பஞ்சத்தில் ஓவியர் சித்தப்ரசாத் மிட்னாப்பூர்ப் பக்கம் நடந்தே போய்க் கறுப்பு மையில் வரைந்தார். வரைந்தவர்களின் பெயரையும் கதையையும் சேர்த்தே குறித்துவைத்தார். அச்சான பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு பிடித்து எரித்தது. பெயரோடு இருக்கிற முகத்தைக் கண்டால் அரசுக்கு அந்தப் பயம்.

மீன்காரி_மகள்
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

என் அம்மா இருபது வருஷமாகத் தலைச்சுமையாக மீன் விற்கிறார். போன வருஷம் ஒருவர் (ஈரத்தூரிகை அண்ணன் இல்லை, வெளியூர்க்காரர்) தெருவில் அம்மாவை நிறுத்தி வரைந்தார். தாளைக் கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து என் போனுக்கே அந்தப் படம் யாரோ அனுப்பி வந்தது, 'உழைப்பின் உருவம்' என்ற தலைப்போடு. நல்ல படம்தான், பொய் சொல்லக்கூடாது. கழுத்து நரம்பு, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் அப்படியே இருந்தது.

அம்மாவிடம் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "மொகம் நாந்தான். எனக்க கம்மல எங்க மக்களே?"

அந்தக் கம்மலின் கதையைச் சொல்லவேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு அப்பா பல மாதம் கடலுக்குப் போகவில்லை. எங்கள் தெருவில் திரும்பி வராத ஆட்கள் உண்டு, வலையைத் தொட யாருக்கும் கை வரவில்லை. அப்போது அடகுக்குப் போன கம்மல் அது. வட்டி கட்டிக் கட்டி மூன்றாம் வருஷம் அம்மா மீட்டார். அன்றிலிருந்து கழற்றியதே இல்லை, மீன் விற்கப் போகும்போதும் அதுதான் காதில். படம் வரைந்த அன்றும் போட்டிருந்தார்.

வரைந்தவர் அதை ஏன் விட்டார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். காதில் பொன் மின்னினால் தலைப்பு பொருந்தாது. சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரம் இருந்தது, கம்மலுக்கு இல்லையா?

ஆனால் கடவம் அண்ணே, நீங்கள் நினைப்பதுபோல அம்மாவுக்கு வரைவதில் கோபம் இல்லை. வரைந்ததில்தான் கோபம்.

ஒட்டுப்பால்
என் நெற்றிக்கண்ணை விடாமல் போட்டவர் நல்ல மனுஷன் போலிருக்கிறது.

ஈரத்தூரிகை
நேற்று ராத்திரி என் போனில் இருக்கிற படங்களை எல்லாம் திரும்பப் பார்த்தேன். பெண்கள் முப்பத்தொரு பேர். அதில் ஆறு பேருக்குத்தான் காதிலோ மூக்கிலோ ஏதாவது இருக்கிறது. மீதி இருபத்தைந்து பேரும் வெறும் காதோடு சந்தைக்கு வந்திருக்கமாட்டார்கள்.

காதைக் கடைசியில்தான் வரைவேன், அதற்குள் நேரம் முடிந்துவிடும் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதும்போதே அது பாதிதான் என்று தெரிந்தது. கம்மலுக்குப் பத்து வினாடி போதும். யெல்லோ ஓக்கர் மஞ்சளில் ஒரு பொட்டு, அதன் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்குத் தாளின் வெள்ளை. அது இல்லாமல் இருந்தால் படம் கனமாகத் தெரியும் என்று கை தானாகவே முடிவு பண்ணியிருக்கிறது. தலைப்பு வைக்கிற புத்தியும் அங்கிருந்துதான் வந்திருக்கும். வாட்ஸ்அப் படங்களை எடுத்துவிட்டேன். அந்த மூன்று பேரையும் இந்தச் சனிக்கிழமை பார்த்து, போடலாமா, பெயர் எழுதலாமா என்று கேட்கப்போகிறேன்.

கடவம்
அதுவும் பத்து பேர் நிற்கும்போது கேட்காதீர்கள். பத்து மணிக்கு மேலே, கூடை காலியானதும் போங்கள். வரைகிற அன்றைக்கு மீனும் வாங்குங்கள், பேரம் பேசாமல்.

ஈரத்தூரிகை
வாங்குகிறேன் அண்ணே. அயலை கிலோ என்ன விலைக்குப் போனாலும்.

மீன்காரி_மகள், ஒன்று கேட்கட்டுமா? வேண்டாம் என்றால் தாராளமாக வேண்டாம் என்று சொல்லலாம், இங்கே யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். உங்கள் அம்மாவை நான் வரையலாமா? தாள் அவருக்குத்தான். நான் போட்டோகூட எடுக்கமாட்டேன்.

மீன்காரி_மகள்
கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார், அன்றைக்குக் கடல் இல்லை, சந்தையும் இல்லை. காலைப் பூசை முடிந்து பட்டுச்சேலையை மாற்றாமல் இருப்பாராம். பக்கவாட்டில் திரும்பி உட்காரமாட்டாராம், நேராகத்தான் இருப்பாராம். இரண்டு கம்மலும் தெரியவேண்டுமாம்.

சூறைக்காற்று
நேர்முகமா! பத்து நிமிஷத்தில் நேர்முகம் வராது ஐயா, மூக்கு தட்டையாகிவிடும். நான் முதலிலேயே சொன்னேன்.

ஈரத்தூரிகை
மூக்கு எப்படியும் போகட்டும், காதில் ஆரம்பிக்கிறேன். எத்தனை மணிக்குப் பூசை முடியும்?