"ஏனுங்க" என்றால் காரணம் சொல்லும் சாட்பாட்

நொய்யல்காரன் (திருப்பூர்):
நேற்று பக்கத்து இழையில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "பல மொழி பேசும் சாட்பாட் கட்டுவது இரண்டு நாள் வேலை. வருகிற கேள்வியை இங்கிலீஷுக்கு மாற்று, இங்கிலீஷில் பதில் எடு, திருப்பித் தமிழுக்கு மாற்று, முடிந்தது. மொழி என்பது மேலே போடுகிற சட்டை மாதிரி." சட்டையைப் பற்றித் திருப்பூர்க்காரனிடம் பேசாதீர்கள் சாமி.

எங்கள் பனியன் கம்பெனியில் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து எல்லார் போனிலும் ஏற்றினார்கள். தமிழ், இந்தி, ஒடியா மூன்றும் பேசுமாம். ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காரும் அக்கா ஒருவர் முதல் நாள் தட்டினார்: "ஏனுங்க, சம்பளம் ஏறிருச்சுங்களா?" வந்த பதில்: "சம்பளம் ஏன் உயர்ந்தது என்பதற்கான காரணங்கள் பின்வருமாறு." கீழே நான்கு காரணம், முதல் காரணம் விலைவாசி. அக்கா கேட்டது பேங்கில் காசு விழுந்துவிட்டதா என்று. அன்று சனிக்கிழமை வேறு. யாருக்கோ சம்பளம் உயர்ந்துவிட்டது என்று நினைத்து நான்கு பேர் சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போய்விட்டார்கள்.

"ஏனுங்க" என்பது ஆளைக் கூப்பிடுவது. கேள்வி இல்லை. இது தெரியாத மெஷினுக்குத் தமிழ் தெரியும் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சரவணம்பட்டி_கோடு:
அண்ணா, என்னைத்தான் சொல்கிறீர்கள், பெயர் போட்டே எழுதலாம். ஏனுங்க = ஏன் + உங்க. ஏன் என்றால் காரணம் கேட்பது. மெஷின் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறது. உங்கள் கம்பெனி ஓசியில் கிடைத்த பழைய மாடலைப் போட்டிருக்கும், அதற்கு நான் என்ன செய்வேன்? ஐஐடி மெட்ராஸில் இருக்கும் ஏஐ4பாரத் ஆட்கள் 2023-இல் விட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்கிற மொழிபெயர்ப்பு மாடல், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளையும் மாற்றுகிறது. மெட்டா 2022-இல் விட்டது 200 மொழி. இங்கிலீஷை நடுவில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிஎஃப் விதி மாறினால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும், எல்லா மொழியிலும் திருந்திவிடும். மூன்று மொழிக்கு மூன்று பதில் எழுதி வைத்தால் ஒன்றில் கட்டாயம் மறப்பீர்கள்.

நொய்யல்காரன்:
200 மொழி இருக்கட்டும். அந்த 200-இல் ஏனுங்க இருக்கிறதா? உங்கள் வீட்டில் அம்மா "ஏனுங்க, சாப்பிட வாங்க" என்றால் அப்பா காரணம் சொல்லிக்கொண்டு நிற்கிறாரா?

மஞ்சமண்டி (ஈரோடு):
நின்றிருக்கிறேன். "ஏனுங்க நேத்து வரலீங்க?" என்று கேட்டால் அது ஏன்தானே? இரண்டுக்கும் வருமுங்க. வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நொய்யல்காரன்:
மண்டிக்காரரே, நடுவில் வந்து குழப்பாதீர்கள். நான் சொல்வது காற்புள்ளி போட்ட ஏனுங்க.

சரவணம்பட்டி_கோடு:
ஒரு நிமிஷம். ஓவர்லாக் அக்கா போனில் காற்புள்ளி போட்டாரா, நீங்கள் போட்டீர்களா?

நொய்யல்காரன்:
படிக்கிறவர்களுக்குப் புரியட்டும் என்று நான் போட்டேன். அதுவல்ல விஷயம்.

சரவணம்பட்டி_கோடு:
அதுதான் அண்ணா விஷயமே.

சோமனூர்_தறி:
இரண்டு பேரும் தப்பு. பிரச்சினை மொழிபெயர்ப்புக்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. முதலில் என்ன மொழி என்று கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறவர்கள்தான் பாதிப் பேர். தேவநாகரி என்றால் இந்தி என்று எழுதினீர்களோ, நேபாளியும் மராத்தியும் அதில்தான் வரும். 176 மொழி கண்டுபிடிக்கும் ஃபாஸ்ட்டெக்ஸ்ட் நானே போட்டுப் பார்த்தேன். நீளமான பத்திக்கு நன்றாக இருக்கிறது. "சரிங்" என்று ஒற்றை வார்த்தை தட்டினால் திணறுகிறது. அப்புறம் அளவு. ஏனுங்க என்பது யூனிகோடில், அதாவது கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையில், 6 குறி. அதைச் சேமித்து வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட், ஆக 18 பைட். அதே நீளத்து இங்கிலீஷ் வார்த்தைக்கு 6 பைட்தான். பைட்டிலிருந்து துண்டு போடுகிற மாடல் நம் வார்த்தையைக் கொத்துப் பரோட்டா ஆக்கிவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பிக்கிறது.

பல்லடம்_டீச்சர்:
ஏனுங்க 6 எழுத்தா? ஏ, னு, ங், க. நான்கு. முப்பது வருஷம் மூன்றாம் வகுப்புக்கு எழுத்து எண்ணச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

சோமனூர்_தறி:
எழுத்து என்று சொல்லவில்லை டீச்சர், குறி என்றேன். ன தனி, அதன் உகரக் குறி தனி. ங தனி, புள்ளி தனி.

பல்லடம்_டீச்சர்:
புள்ளியைத் தனியாக எண்ணுகிற மெஷினிடம் எப்படித் தமிழை எதிர்பார்க்கிறீர்கள்? நான்கு எழுத்துதான்.

நொய்யல்காரன்:
டீச்சர் சொன்னதை வழிமொழிகிறேன். தறிக்காரர் போன தீபாவளிக்கு என்னிடம் கீபோர்டு கோப்பு வாங்கியவர், வேலை செய்ததா இல்லையா என்று இன்று வரை ஒரு வார்த்தை இல்லை. அவர் பைட் எண்ணட்டும்.

நான் இங்கிலீஷை நடுவில் வைப்பதைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். இங்கிலீஷில் நீ, நீங்க இரண்டும் ஒன்று. எங்கள் கட்டிங் மாஸ்டர் பேரன் எடுத்தவர். அவருக்கு வந்த பதில்: "உன் விடுப்பு நிராகரிக்கப்பட்டது." கைக்குழந்தையைக் கூட "வாங்க சாமி" என்று கூப்பிடுகிற ஊர் இது. மனிதர் போனைத் துணிக்கட்டு மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். லீவு கிடைக்காத கோபம் இல்லை. "உன்" என்றதுதான்.

நாம், நாங்கள் இரண்டும் இங்கிலீஷில் ஒன்று. "நாம் சனிக்கிழமை சம்பளம் வழங்குகிறோம்" என்று டெய்லருக்கு வருகிறது. "நானும் முதலாளிங்களா?" என்று கேட்டார். இந்தியில் "கல்" என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். பீகார்த் தம்பி ஒருவன் "கல் கா ஓவர்டைம் கித்னா?" என்று கேட்டான். அவன் கேட்டது முந்தின நாள் செய்த வேலைக்கு. மெஷின் நாளைக்கு ஓவர்டைம் இல்லை என்றது. இங்கிலீஷுக்குப் போகும்போது இரண்டில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும், தப்பானதைப் பிடித்தது. ஏனுங்கவும் இதே கதைதான்.

சரவணம்பட்டி_கோடு:
நீங்க என்று போடச் சொல்லி ஒரு வரி கட்டளை கொடுத்தால் போடும். இதற்கு இவ்வளவு பெரிய பதிவா? கோயம்புத்தூரில் எங்களுக்கு இந்தப் பிரச்சினை வரவில்லை. திருப்பூரில் எல்லாவற்றையும் அவசரத்தில் செய்வீர்கள்.

நொய்யல்காரன்:
அவசரமா? தம்பி, ஷிப்மென்ட் தேதி என்றால் என்னவென்று தெரியுமா? ஏசி ரூமில் உட்கார்ந்து, கோடு படிப்பவர்களின் முதல் பயிற்சியான 'வணக்கம் உலகம்' எழுதுகிறவர்களுக்கு அது புரியாது.

சோமனூர்_தறி:
2009 வரைக்கும் திருப்பூரும் கோயம்புத்தூர் மாவட்டம்தான். பங்காளிச் சண்டை.

மஞ்சமண்டி:
நாங்கள் 1979-லேயே பிரிந்துவிட்டோமுங்க. நிம்மதியாக இருக்கிறோம்.

அவிநாசி_ரோடு:
மன்னிக்கணும், நடுவில் ஒரு சந்தேகம். நான் பார்க்கிற ஹாஸ்டலில் ஒடிசாவின் மயூர்பஞ்ச் பக்கத்துப் பெண்கள் நிறைய. தட்ட மாட்டார்கள், பேசித்தான் அனுப்புவார்கள். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாடலின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, ஒடியா இல்லை. சில பேர் வீட்டில் பேசுவது ஒடியாவே இல்லை, சந்தாலி. அதற்கு ஓல் சிக்கி என்று எழுத்தே தனி. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

நொய்யல்காரன்:
நல்ல கேள்வி. இதற்குத்தான் சொல்கிறேன், தமிழுக்கே ஏனுங்க தெரியவில்லை, ஒடியாவுக்கு எங்கே போவது?

அவிநாசி_ரோடு:
இல்லைங்க, நான் கேட்டது...

பல்லடம்_டீச்சர்:
ஏனுங்க என்பதில் "உங்க" இல்லவே இல்லை. "ங்க" மரியாதைக்கு வருவது. வாங்க, போங்க, சரிங்க, ஆமாங்க. சரவணம்பட்டித் தம்பி பிரித்தது தப்பு.

சரவணம்பட்டி_கோடு:
சரி டீச்சர், ஏன் + ங்க. ஏன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

நொய்யல்காரன்:
இருக்கும், ஆனால் அர்த்தம் போய்விட்டது. வேட்டிக்கரையில் யானை நெய்தால் அது பிளிறுமா?

சரவணம்பட்டி_கோடு:
உவமை எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் மத்தியானம் உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தேன். வாக்கியத்தின் தொடக்கத்தில் ஏனுங்க வந்தால் வெட்டிவிட்டு மீதியை மட்டும் அனுப்பும். உங்கள் அக்காவின் கேள்வியைப் போட்டேன், "இன்னும் வரவு வைக்கப்படவில்லை" என்று சரியாக வந்தது. இது உங்களுக்காகச் செய்ததில்லை, ஏற்கெனவே செய்வதாகத்தான் இருந்தேன். இணைப்பு கீழே, யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம்.

மஞ்சமண்டி:
தட்டினேனுங்க. "ஏனுங்க நேத்து சம்பளம் வரல" என்று கேட்டேன். "ஆம், நேற்று சம்பளம் வரவில்லை" என்கிறது. கேட்டதையே திருப்பிச் சொல்கிறது.

சரவணம்பட்டி_கோடு:
கேள்விக்குறி போட்டீர்களா?

மஞ்சமண்டி:
இல்லை. யார் போடுகிறார்கள்?

நொய்யல்காரன்:
பார்த்தீர்களா! நான் ஆரம்பத்திலிருந்து இதைத்தான் சொல்கிறேன்.

மஞ்சமண்டி:
நீங்கள் அது கேள்வியே இல்லை என்றீர்கள். இரண்டுக்கும் வரும் என்று சொன்னது நான்.

நொய்யல்காரன்:
அது வேறு ஏனுங்க.

சோமனூர்_தறி:
கீபோர்டு கோப்பு வேலை செய்தது. இப்போது சொல்லிவிட்டேன், கணக்கு நேர். ஆனாலும் 6 குறிதான்.

பல்லடம்_டீச்சர்:
நான்கு.

சரவணம்பட்டி_கோடு:
நொய்யல் அண்ணா, அந்த அக்கா உண்மையில் என்ன தட்டினார் என்று எழுத்து மாறாமல் கொடுங்கள். காற்புள்ளி இருந்ததா இல்லையா. அது தெரியாமல் நான் பேச மாட்டேன்.

நொய்யல்காரன்:
நாளைக்கு சனிக்கிழமை. டீ டைமில் அக்கா போனையே வாங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சரவணம்பட்டி_கோடு:
ஸ்கிரீன்ஷாட்டோடு வாங்க.