பறிமுதலா, உரிமை நீக்கமா?

பாளையங்கோட்டையிலிருந்து:
கால்நடைச் சட்டக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். கொடுமை நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரி மாட்டை எடுத்து மாஜிஸ்திரேட்டிடமோ கால்நடை மருத்துவரிடமோ காட்டலாம். இது 34ஆம் பிரிவு. 29ஆம் பிரிவு வேறு. உரிமையாளர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அவரிடமே விட்டால் மாடு மறுபடியும் வதைபடும் என்று தெரிந்தால், நீதிமன்றம் அதை அரசுக்குச் சேர்த்துவிடலாம். பழைய வரைவில் இரண்டுக்குமே ‘பறிமுதல்’ என்றிருக்கிறது. முதலாவதில் மாடு இன்னும் அவருடையது, இரண்டாவதில் இல்லை. தனிச்சொல் வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
தம்பி, 34க்குக் ‘கைப்பற்றல்’ போதும். 29க்கு ‘நிரைமீட்பு’ என்று ஆளுங்கள். பழைய போர் இலக்கணத்தில் பகைவரின் நிரையை, அதாவது மாட்டு மந்தையை, வெட்சிப்பூச் சூடியவர்கள் கவர்வார்கள்; கரந்தைப்பூச் சூடி உடையவர்கள் மீட்பார்கள். தொல்காப்பியர் இரண்டையும் வெட்சிக்குள்ளேயே அடக்கினார், கரந்தையைத் தனித் திணையாகச் சொல்வது பின்னால் வந்த இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை. இவ்வளவு பழைய சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு?

சங்கரன்கோவிலிலிருந்து:
அண்ணாச்சி, கரந்தையில் நிரை உடையவனிடம் திரும்பி வருகிறது. இங்கே உடையவனிடமிருந்தே போகிறது. அப்புறம், ஒற்றை வண்டிமாட்டை ‘நிரை’ என்பதா? மீட்பு என்றாலே எங்கள் பக்கம் கிணற்றில் விழுந்த பசுவும் தீயணைப்பு வண்டியும்தான் நினைவுக்கு வரும்.

தென்காசியிலிருந்து:
பறிமுதல் நல்ல தமிழ்ச்சொல். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்ற குறளில் வரும் அதே முதல். மாடு என்பதற்கும் செல்வம் என்றே பொருள், ‘மாடல்ல மற்றை யவை’ எல்லோருக்கும் தெரியும். ஆக மாட்டைப் பறிப்பதும் முதலைப் பறிப்பதும் ஒன்றே. படிப்பவனுக்குப் புரிகிற சொல்லை விட்டுவிட்டு என்ன தேடுகிறோம்?

நாங்குநேரியிலிருந்து:
ஐயா, புரிவதுதான் சிக்கல். பறிமுதல் என்றால் ஊரில் மணல் லாரி ஞாபகம். அபராதம் கட்டினால் திரும்பக் கிடைக்கும் என்று நினைப்பார்கள். பயிரை மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைத்தாலும் பணம் கட்டி ஓட்டிவந்துதானே பழக்கம்? இந்தச் சட்டத்தில் வதைக்கு முதல் தடவை அபராதமே 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்டிவருகிற ஒருவருக்கு அது ஒரு தண்டனையா? மாடு இனி உன்னுடையதில்லை என்பது மட்டுமே உறைக்கும். அதைச் சொல்லே சொல்லட்டும்: ‘உரிமை நீக்கம்’.

தென்காசியிலிருந்து:
யாருடைய உரிமை? மாட்டின் உரிமையை நீக்கியதாகவும் படிக்கலாமே. ‘உடைமை நீக்கம்’ என்றாலாவது சரி.

சங்கரன்கோவிலிலிருந்து:
உடைமை என்றால் பண்டபாத்திரமும் சேரும். உயிருள்ளதற்கு அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. உரிமை நீக்கமே இருக்கட்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து:
சரி, 34க்குக் கைப்பற்றல், 29க்கு உரிமை நீக்கம். முதல் இடத்தில் மட்டும் ‘உரிமையாளரின் உரிமை நீக்கம்’ என்று விரித்துவிடுகிறேன். அச்சகத்துக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
பெரும்பான்மை அப்படியென்றால் அச்சிடுங்கள். ஆனால் நீக்கம் என்பது உரிமையாளருக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்கிறது. நோய்ப்பட்ட மாட்டை வைத்துப் பராமரிக்க 35ஆம் பிரிவு இடம் தருகிறது, அந்தப் பக்கமே இந்தச் சொல்லில் இல்லை. என் ஓட்டு மீட்புக்குத்தான். அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.