பீரங்கியில் இருந்த மூன்று எண்கள்

யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் உதவியோடு தேடும் விளையாட்டு ஜியோகேச்சிங். அதில் ஒரு புதிரை விடுவித்தால்தான் டப்பா இருக்கும் இடம் தெரியும் என்ற வகை, புதிர் கேச். அது என்றாலே வீட்டில் உட்கார்ந்து சுடோகு போட்டு ஆயத்தொலைவு கண்டுபிடிப்பது என்றுதான் பலர் சொல்கிறார்கள். அதனால் போன மாதம் நானும் நண்பனும் ஒரு பழைய கோட்டையில் தேடியதைச் சொல்கிறேன். இன்னும் தேடாதவர்களுக்காக இடத்தின் பெயரை விட்டுவிடுகிறேன், எண்களையும் மாற்றியிருக்கிறேன்.

வரைபடத்தில் காட்டியிருந்த புள்ளி கோட்டை வாசல். வழக்கம்போல டப்பா அங்கே இல்லை. ஆயத்தொலைவில் கிழக்குக்கான எண் வாசல் கல்வெட்டில் இருக்கும் வருடத்திலிருந்து வருகிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை. இணையத்தில் இருக்கும் ஒரு புகைப்படமே போதும், நேரில் போகவே வேண்டாம். வடக்குக்கான கேள்விதான் அருமை: "மேற்குக் கொத்தளத்துப் பீரங்கியின் எடை எத்தனை பவுண்டு? கடைசி மூன்று இலக்கங்களை எடுத்துக்கொள்."

பழைய பிரிட்டிஷ் பீரங்கிகளில் எடையை மூன்று எண்களாகப் பொறித்திருப்பார்கள். முதலாவது அந்தர், அதாவது 112 பவுண்டு. நடுவில் இருப்பது கால் அந்தர், 28 பவுண்டு. மூன்றாவது, மிச்சப் பவுண்டு. 20, 1 வரை தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது எண்தான் துருவில் கரைந்து 14-ஆ 74-ஆ என்று குழப்பியது.

விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது காவலாளி வந்துவிட்டார். "என்ன தம்பி, போன வாரமும் ரெண்டு பேர் இதையே தடவிக்கிட்டு இருந்தாங்க?" இந்த மாதிரி நேரத்தில் சிலர் செல்ஃபி எடுப்பதுபோல நடிப்பார்கள். நாங்கள் விஷயத்தை அப்படியே சொல்லிவிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "சாயங்காலம் வெயில் சாயும்போது வாங்க, எழுத்து தானா எழும்பி நிக்கும்" என்றார். அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லை. செல்போன் டார்ச்சை இரும்போடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தோம். முதல் இலக்கத்தின் தலையில் சின்னக் கொக்கி ஒன்று நிழலாக விழுந்தது. ஒன்றாகவும் படிக்கலாம், ஏழாகவும் படிக்கலாம். (சாக்பீஸ் தேய்த்துப் படிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.)

கடைசியில் கணக்குதான் கைகொடுத்தது. 28 பவுண்டு சேர்ந்தாலே அது அடுத்த காலுக்குப் போய்விடும். ஆக மூன்றாவது எண் 27-ஐத் தாண்டவே முடியாது. அப்போ 14. 2240, 28, 14 கூட்டினால் 2282. கடைசி மூன்று இலக்கம் 282.

74 என்று எடுத்திருந்தால் 342 வரும். இந்த மூன்று இலக்கமும் வடக்கு ஆயத்தொலைவில் நிமிடத்துக்குப் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பின் வரும் தசம இலக்கங்கள். நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வடக்குத் தெற்காகச் சுமார் 1.85 மீட்டர் என்பதால், 60 வித்தியாசத்துக்கு 111 மீட்டர் தள்ளிப் போயிருப்போம். 2000 மே மாதத்துக்கு முன்பு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸே கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் தப்பாகக் காட்டும்; அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்திருந்த பிழை அது. அதை நிறுத்திய மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகானில் இந்த விளையாட்டின் முதல் டப்பாவாக ஒரு வாளியை ஒளித்துவைத்தார்.

டப்பா கோட்டைக்கு வெளியே, ஒரு மரத்தின் வேர் இடுக்கில் இருந்தது. பழைய சுவரில் ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்கத் தேவையில்லாத இடம், அதற்கே வைத்தவரைப் பாராட்டலாம். உள்ளே இருந்த சீட்டில் எங்களுக்கு முந்தைய பதிவு: "74 போட்டோம். அகழியில் முழங்கால் வரை சேறு."