பாதயாத்திரைப் பந்தோபஸ்தில் அடிபட்ட ஊர்க்காவல் படை வீரருக்கு இழப்பீடு உண்டா?

ஆத்தங்குடிக்காரன்:
என் அண்ணன் ஊர்க்காவல் படையில் இருக்கிறார். தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் பாதயாத்திரைக் கூட்டத்துக்காக, குன்றக்குடி அருகே இரவில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது ஒரு கார் மோதி, இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. அவருக்குப் பிழைப்பு டைல்ஸ் பட்டறையில். தரையில் உட்கார்ந்து கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றுகிற வேலை. இனி அப்படி உட்கார முடியாது என்கிறார் மருத்துவர். ‘தன்னார்வலர்தானே, ஒன்றும் கிடைக்காது’ என்று கேட்கும் இடமெல்லாம் சொல்கிறார்கள். வைகாசியும் பிறந்துவிட்டது. யாரிடம் போவது?

முன்னாள் ஊர்க்காவலர்:
தம்பி, அந்தப் பேச்சை நம்பாதீர்கள். ஊர்க்காவல் படையினர் நிரந்தரப் பணியாளர்கள் அல்லர் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. அதே தீர்ப்புதான், அவர்களின் நாட்படி காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. முதலில், அன்றிரவு அவர் பணியில் இருந்ததற்கு எழுத்துச் சான்று தேடுங்கள். பந்தோபஸ்து ஆணையின் நகலைப் பெற்று, இழப்பீடு கேட்டுப் படைத் தளபதி வழியாகக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். ஆணையைத் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

தேவகோட்டை வழக்கறிஞர்:
அந்த மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மோதிய காரின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பது தனி வழி; அதற்கு அவர் தன்னார்வலரா, சம்பளக்காரரா என்பது தடையே இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள சட்டத் திருத்தப்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு ஆடி வரைதான் அவகாசம். குடியிருக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம். காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், மருத்துவ ரசீதுகள் மூன்றையும் உடனே சேர்த்து வையுங்கள்.

ஆத்தங்குடிக்காரன்:
மிக்க நன்றி ஐயா. பட்டறையில் சம்பள ரசீது தருவதில்லையே? கார்க்காரரும் மருத்துவச் செலவைத் தந்துவிடுகிறேன், வழக்கு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்.

தேவகோட்டை வழக்கறிஞர்:
எதிலும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். செலவுத் தொகை மட்டும் வந்தால் அண்ணன் இழந்த பிழைப்புக்கு யார் ஈடு தருவது? ரசீது இல்லாவிட்டால் பட்டறை உரிமையாளர் வந்து சாட்சி சொல்லலாம். அதுவும் இல்லையென்றால் தீர்ப்பாயமே வருமானத்தைக் கணித்துக்கொள்ளும். மருத்துவக் குழுவிடம் ஊனச் சான்றிதழ் வாங்குங்கள். காலில் எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல், அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தரையில் உட்கார்ந்தே செய்ய வேண்டிய தொழில் என்பதை மனுவிலேயே விரிவாக எழுதச் சொல்லுங்கள். வழக்கறிஞர் கட்டணம் கடினம் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தகுதி இருந்தால் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.